செக்போஸ்ட்டில் துடைத்த முகம்

கச்சிராயபாளையம் தாண்டி, மலை ஏறுவதற்கு முன்னால் வனத்துறை செக்போஸ்ட் ஒன்று இருக்கிறது. பஸ் அங்கே கொஞ்ச நேரம் நிற்கும். கண்டக்டர் இறங்கிப் போய் டீ குடித்துவிட்டு வருவார். அதற்குள் நான் என் முகத்தைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.

பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு முதலில் கண்மை, அப்புறம் உதடு, அப்புறம் கன்னம். தோட்டைக் கழற்றிக் கைப்பைக்குள் போடுவேன். ஸ்டிக்கர் பொட்டை முன் சீட்டுக் கம்பியில் ஒட்டி வைப்பேன். சுடிதாருக்கு மேலே ஒரு முழுக்கைச் சட்டையை மாட்டி, முடியைச் சுருட்டித் துண்டுக்குள் திணித்தால் வேலை முடிந்தது. டீ குடித்துவிட்டு ஏறும் கண்டக்டர், "இன்னாம்மா, எல்லாம் எறக்கி வெச்சிட்டியா? விசிலு குடுக்கலாமா?" என்பார். நல்ல மனுஷன். சிரித்துக்கொண்டேதான் கேட்பார். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் திருநங்கை. பிறந்தது வெள்ளிமலைக்கு அப்பால், சாமையும் மரவள்ளியும் விளையும் ஒரு சின்ன ஊரில். அப்பா அம்மா போன பிறகு மலையில் எனக்கென்று இருப்பது அக்கா ஒருத்திதான். அவளை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தார்கள். நான் வயசுப் பிள்ளையாக வீட்டைவிட்டு ஓடி, ஊர் ஊராகச் சுற்றி, ஆபரேஷன் முடித்து, கடைசியில் கள்ளக்குறிச்சியில் ஒரு அறை பிடித்துத் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்தேன். ஜாக்கெட் தைப்பேன், புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பேன். போட்டுப் பார்க்க வருகிறவர்களுக்காக ஆளுயரக் கண்ணாடி வைத்த பீரோ ஒன்றும் வாங்கிப் போட்டேன்.

ஓரளவு காலூன்றியதும் புடவை கட்டி, பூ வைத்து, முழு அலங்காரத்தோடு அக்காவைப் பார்க்கப் போனேன். அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"வராதன்னு சொல்லல. இந்த மூஞ்சியோட வராத. இவரு வூட்டு ஜனம் முன்னாடி என்னால தல நிமிர முடியாது."

"இதாங்க்கா என் மூஞ்சி."

"இது பூசுன மூஞ்சி. பூசாத மூஞ்சியோட வா."

தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸில் இறங்கி வந்துவிட்டேன். இனி அந்த மலைப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று பக்கத்து அறைக்காரியிடம் வீராப்பாகச் சொன்னேன். ஆனால் அன்றைக்கு அக்காவின் இடுப்பில் ஒரு கைக்குழந்தை இருந்தது. பெண் குழந்தை. அது என் ஜிமிக்கியைப் பிடிக்கக் கையை நீட்டியது. அடுத்த மாதமே செக்போஸ்ட்டில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்தேன். அப்படி ஆரம்பித்த பழக்கம் அது.

இந்த இடத்தில் என் பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. மெக்கானிக்குகள் ஸ்பானர் போட்டு வைப்பார்களே, அந்தப் பெட்டி. மூடியைத் திறந்தால் தட்டுகள் படிப்படியாக விரியும். ஹார்டுவேர் கடையில் அதைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தபோது, "பிளம்பிங் வேலையாம்மா, எலக்ட்ரிக்கல் வேலையா?" என்று கடைக்காரர் கேட்டார். "பெயிண்டிங்" என்றேன். அவரும் நம்பி, கூடவே பட்டிக் கத்தி ஒன்று வேண்டுமா என்று கேட்டார்.

அதை ஒரேயடியாக நிரப்பிவிடவில்லை. முதலில் கண்மை டப்பாவும் ஒரு லிப்ஸ்டிக்கும்தான். பிரஷ் வாங்க வழியில்லாமல், பள்ளிப் பிள்ளைகள் படம் வரையும் பிரஷ்ஷை ஸ்டேஷனரி கடையில் வாங்கி முடியை வெட்டிச் சரிசெய்தேன். தீபாவளிக்கு ஜாக்கெட் குவியும் சமயம் ஒரு ஃபவுண்டேஷன், பொங்கலுக்கு ஒரு ஐலைனர் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. மேல் தட்டில் உதட்டுச் சாயங்கள், அடுத்ததில் கண்ணுக்கானவை, அடியில் பவுடரும் ஸ்பாஞ்சும் பஞ்சும். மனசு சரியில்லாத நாட்களில் எங்கும் போகாமல், பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் துடைத்து மறுபடி அடுக்குவேன். அடுக்கி முடிப்பதற்குள் மனசும் ஒரு வழிக்கு வந்துவிடும்.

காலையில் மிஷினில் உட்காருவதற்கு முன்னால் ஜன்னல் பக்கம் ஒரு அரைமணி நேரம் எனக்கே எனக்கு. டீ ஒரு கையில், ஸ்பாஞ்ச் ஒரு கையில். அவசரப்படமாட்டேன். நெற்றியில் ஆரம்பித்துக் கழுத்துவரை ஒற்றி இறக்குவேன். கண்மையைச் சுண்டுவிரலால் இழுத்ததும், கண்ணாடிக்குள் எனக்குப் பிடித்த ஒருத்தி வந்து உட்கார்ந்துகொள்வாள். "யாருக்குக் காட்ட இம்மாம் மேக்கப்பு? நாள் முச்சூடும் மிஷின்லதானே உக்காந்துகினு கீற?" என்று பக்கத்து அறைக்காரி கேட்பாள். யாருக்குக் காட்ட வேண்டும்? நான் பார்க்கிறேனே, போதாதா?

எல்லாம் முதலிலேயே கைவந்துவிடவில்லை. எனக்கு மலை நிறம், நல்ல கறுப்பு. ஃபேன்சி ஸ்டோரில் போய் நின்றால், இருப்பதிலேயே வெள்ளையான காம்பாக்டை எடுத்து நீட்டுவார்கள். நானும் அதுதான் அழகு என்று அப்பிக்கொண்டு திரிந்தேன். ஜாக்கெட் வாங்க வந்த ஒரு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னாடி, மொகம் மட்டும் வெளியூரு போய்ட்டு வந்துட்ச்சா? கழுத்து இங்கியே கீதே" என்றார். அன்றைக்குப் பெட்டியோடு தூக்கிக் குப்பையில் எறியலாம் போல இருந்தது. மறுநாள் கழுத்து நிறத்துக்குத் தேட ஆரம்பித்தேன்.

அதைவிடப் பெரிய தொல்லை தாடி. எவ்வளவு வழித்தாலும் அந்த இடம் பச்சை பாய்ந்து நிற்கும். மேலே எத்தனை பூச்சுப் பூசினாலும் சாம்பலாகத் தெரியும். அதற்கு வழி கிடைத்ததும் மலைப் பஸ்ஸில்தான். இறங்கி வரும்போது செக்போஸ்ட்வரை பொறுக்க முடியாமல், கொண்டை ஊசி வளைவிலேயே செங்காவி லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டிருந்தேன். டிரைவர் ஒடித்த ஒடிப்பில் அது உதட்டைத் தாண்டித் தாடைவரை இழுத்துவிட்டது. ஐயோ என்று தேய்த்தேன், போகவில்லை. வேறு வழியில்லாமல் அதன்மேலேயே ஃபவுண்டேஷனை ஒற்றினேன். இறங்கி டீக்கடைக் கண்ணாடியில் பார்க்கிறேன், இழுபட்ட இடத்தில் மட்டும் பச்சை இல்லை! என் தோல், என் நிறம், சுத்தமாக. நடுரோட்டில் நின்று கைதட்டினேன். அன்றிலிருந்து தாடி இடத்தில் முதலில் செங்காவி, அதற்கு மேலே மற்றதெல்லாம். இதை வேறு யாராவது எனக்கு முன்பே கண்டுபிடித்திருப்பார்கள். இருக்கட்டும். என் முகத்துக்கு நான்தான் கண்டுபிடித்தேன்.

அக்கா மகள் வளர்ந்தாள். அப்பா முன்னால் என்னை "மாமா" என்பாள். தனியாகப் போனில் பேசினால் "சித்தி". யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகவே பிரித்து வைத்துக்கொண்டாள். ஒருமுறை அவளுக்குப் பல் பிடுங்க அக்கா அவளைக் கூட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சி வந்து, ராத்திரி என் அறையில் தங்கினாள். காலையில் நான் பெட்டியைத் திறந்ததும் பெண் கன்னம் வீங்கியிருப்பதையும் மறந்து என் பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள். "இது இன்னா சித்தி? இது எதுக்கு?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டி, பீரோ பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். முடிக்கும்வரை திரும்பவே இல்லை. என்னைப் பெற்றெடுக்காத குறையாக வளர்த்தவள், என் முகத்தைப் பார்க்கக்கூட மாட்டேன் என்கிறாளே என்று அன்று முழுக்க மிஷினை வேகமாக மிதித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண் வயசுக்கு வந்தாள். அக்கா போன் செய்தபோது குரலில் சந்தோஷமும் பயமும் கலந்திருந்தது. எங்கள் ஊரில் மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் சீர்தான் முதல். அவன் கொண்டுவரும் புடவையைத்தான் பெண் கட்ட வேண்டும், அவன் மாலை போட்ட பிறகுதான் மற்றவர்கள் நலங்கு வைப்பார்கள். அக்காவுக்குக் கூடப்பிறந்தது நான் ஒருத்திதான்.

"தலைக்கு உருமா கட்டி, வேட்டி சட்டையில வந்து நிக்கணும்" என்றாள். "மையி, பொட்டு ஒண்ணும் ஆகாது. முடியாதுன்னா சொல்லிடு, நம்ம பெரியப்பா மவன் சீர் செய்றேன்னு முன்னாடி வந்து நிக்கறான்."

"நான் உசிரோட கீறப்போ அவன் யாருக்கா மாலை போட?"

"அப்ப நீ மாமனா வா."

"நான் மாமனா இருந்தாத்தானே மாமனா வர்றதுக்கு?"

"எனக்கு இன்னா பண்றதுன்னு தெரியல" என்று அழுதாள். அக்கா அழுது நான் கேட்டதே இல்லை.

போனை வைத்துவிட்டு யோசித்தேன். போகாவிட்டால் அந்த மாலை வேறொருவன் கையில். போனால் என் முகம் இல்லாமல், ஊர் மொத்தமும் பார்க்க, காலத்துக்கும் அழியாமல் போட்டோவில் நான் ஒரு ஆம்பளை. இரண்டும் பிடிக்கவில்லை. ஜிமிக்கியைப் பிடிக்க நீண்ட அந்தக் கை ஞாபகம் வந்தது. "வரேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எனக்கும் அழுகை வந்தது, கொஞ்சம் அழுதேன்.

சீர்த்தட்டில் கண்ணாடி, சீப்பு, வளையல், பவுடர் வைப்பது வழக்கம். வழக்கத்துக்கு வைக்கிற தகர டப்பாவை என் பெண்ணுக்கு வைப்பேனா? அவளுக்கென்று ஒரு சின்னப் பெட்டி வாங்கினேன், ரோஸ் நிறம். அவளும் என் நிறம்தான், அப்படியே எங்கள் அம்மாவின் நிறம். ஃபேன்சி ஸ்டோர்க்காரர் வழக்கம்போல வெள்ளையை எடுத்து நீட்டினார். "வயசுக்கு வந்த பொண்ணுக்கா? செவப்பா காட்டும், எடுத்துக்கோங்க."

"செவப்பா காட்ட வேணாங்க. அவளாட்டம் காட்டுனா போதும்" என்றேன். அலமாரியின் அடிவரை இறக்கச் சொல்லி, ஒவ்வொன்றாக என் கழுத்தில் தடவி வெயிலில் போய் நின்று பார்த்தேன். மனுஷன் வெறுத்துப்போய்விட்டார். ஆனால் கிடைத்தது. கடையை விட்டு வெளியே வரும்போது அந்த வருஷத்தில் நான் பட்ட சந்தோஷமெல்லாம் அந்தச் சின்னக் குப்பிக்குள் இருப்பதாகத் தோன்றியது.

விசேஷத்துக்கு முந்தின மதியம் தட்டும் மாலையுமாகப் பஸ் ஏறினேன். செக்போஸ்ட்டில் வழக்கம்போல எல்லாம் துடைத்தேன். பொட்டைக் கம்பியில் ஒட்டினேன். அன்றைக்குக் கண்டக்டர் என்னவோ கேலி செய்யவில்லை. "நல்லபடியா நடக்கட்டும்மா" என்று மட்டும் சொன்னார்.

காலையில் வேட்டி கட்டினேன். இடுப்பில் நிற்கவில்லை, பெல்ட் போட்டு இறுக்கினேன். பின்னிய முடியைச் சுற்றி வைத்து அதன்மேல் உருமாவைக் கட்டினேன். வாசலில் வந்து நின்றதும் அக்கா புருஷன், "வாங்க மச்சான்" என்று கையைப் பிடித்து நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அத்தனை வருஷத்தில் என்னோடு பத்து வார்த்தை பேசியிருக்கமாட்டார். எனக்குச் சிரிப்பதா, எழுந்து ஓடுவதா என்று தெரியவில்லை.

அப்போதுதான் அந்தக் கூத்து ஆரம்பித்தது. பெண்ணைக் குளிப்பாட்டி உள் அறையில் உட்காரவைத்திருந்தார்கள். என் சீர்ப் பெட்டி உள்ளே போயிருந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளே கசமுசா. "இது மூஞ்சிக்கா, ஒதட்டுக்கா?" என்று ஒருத்தி, "தண்ணி ஊத்திக் கொழைக்கணும்டி" என்று இன்னொருத்தி. என் குப்பியில் தண்ணீரா! பதறிப்போய் எழுந்து ஓடினேன். வாசற்படியில் ஒரு கிழவி கையைக் குறுக்கே வைத்து மறித்தாள்.

"எங்க நொழையிற? பொண்ணு சடங்காயி கீது. மாலை போடறவரைக்கும் ஆம்பள கண்ணுல படக்கூடாது. தாய்மாமனா இருந்தாலும் அங்கியே நில்லு."

அப்படியே நின்றுவிட்டேன். நான் ஆம்பளை இல்லை என்று சொன்னால் மாலை போய்விடும். சொல்லாவிட்டால் உள்ளே போக முடியாது. அவர்கள் கேட்ட மாதிரியே வந்து, அவர்கள் வழக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன். உள்ளேயிருந்து பெண்ணின் குரல் கேட்டது. முகத்தில் எதையோ அப்பியிருக்க வேண்டும். ஊர் இருக்கிறது, அப்பா இருக்கிறார், எதையும் பார்க்காமல் கத்தினாள்: "எங்க சித்திய வரச் சொல்லுங்க! சித்தீ!"

கொட்டகையில் எல்லாத் தலையும் வாசல் பக்கம் திரும்பியது. அக்கா உள்ளேயிருந்து வெளியே வந்தாள். கிழவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அடுப்புப் புகையோ என்னவோ, கண் சிவந்திருந்தது. என்னைத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். கிட்டே வந்து, என் தலையிலிருந்த உருமாவைத் தன் கையாலேயே அவிழ்த்தாள். பின்னல் சரிந்து முதுகில் விழுந்தது.

"கைய எடு பெரியம்மா" என்று கிழவியிடம் சொன்னாள். "இது ஆம்பள இல்ல. உள்ள வரட்டும்."

அக்கா புருஷன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். அக்கா அவரை நேராகப் பார்த்தாள். எழுந்தவர் என்ன நினைத்தாரோ, பந்தலில் பாயை இழுத்துப் போட்டுச் சரிசெய்யப் போய்விட்டார்.

உள்ளே போய் முதல் காரியமாகப் பெண்ணின் முகத்தைக் கழுவினேன். அவளே என் கழுத்தோடு கழுத்தை வைத்து, "ரெண்டு பேருக்கும் ஒரே கலரு" என்று சிரித்தாள். பொறுமையாக ஒற்றினேன், கண்ணுக்கு மை இழுத்தேன், உதட்டுக்குக் கொஞ்சமே கொஞ்சம். எட்டிப் பார்த்த பெண்கள், "அட, நம்ம பொண்ணாட்டமே கீது" என்றார்கள். வேறென்ன வேண்டும்?

வெளியே மைக்கில், "பொண்ணோட தாய்மாமன் சீரு, வாங்க" என்று கூப்பிட்டுவிட்டார்கள். நான் உருமாவைத் தேடினேன். அதைக் காணோம். அக்கா தன் கல்யாணப் புடவையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இத கட்டிக்கோ."

"மாலை, யக்கா?"

"நீதான் போடப் போற. எனக்குக் கூடப்பொறந்தது நீதானே? வேற யாரு போடுவா?"

புடவையைச் சுற்றிக்கொண்டு, என் கைப்பையில் இருந்ததைக் கீழே கொட்டி, அவசர அவசரமாகத் தாடைக்குச் செங்காவியைத் தடவினேன். பொட்டு இல்லை, அது பஸ் கம்பியில் இருந்தது. பெண் தன் அட்டையிலிருந்து ஒன்றைப் பிய்த்து என் நெற்றியில் ஒட்டினாள். உதட்டுக்கு ரோஸை எடுத்தேன். இத்தனை ஜனத்துக்கு முன்னால் அடக்கமாக இருக்கட்டும் என்றுதான்.

"அது வேணாம்" என்றாள் அக்கா. "அந்த மெரூனு எங்க? அன்னிக்கு ஒன் ரூமுல போட்டியே, கடசியா, ரெண்டு வாட்டி. அதான் ஒனக்கு எடுப்பா இருந்துச்சு."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. அன்றைக்கு இவள் முதுகைக் காட்டித்தானே உட்கார்ந்திருந்தாள்? அப்புறம்தான் பீரோவும், அதிலிருந்த ஆளுயரக் கண்ணாடியும் ஞாபகம் வந்தது. முழுக்கப் பார்த்திருக்கிறாள். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை.

"அழுவாத, மையி கரையும்" என்று சொல்லி, தானும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மெரூன் போட்டுக்கொண்டு தட்டைத் தூக்கினேன். கொட்டகையில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பெரியப்பா மகன் சாப்பிடாமலே எழுந்து போனான். மைக் செட்காரர் என்ன சொல்வதென்று தெரியாமல் பாட்டைப் போட்டுவிட்டார். நான் மாலையைப் போட்டேன், பெண் குனிந்து வாங்கிக்கொண்டாள். போட்டோக்காரர், "கிட்ட நில்லுங்கம்மா" என்றார். நின்றேன். ஒரு பக்கம் அக்கா, ஒரு பக்கம் நான், நடுவில் பெண்.

மறுநாள் இறங்கி வரும்போது செக்போஸ்ட்டில் பஸ் நின்றது. இவ்வளவு காலமும் கண்ணாடியை எடுத்துவைத்து, விட்ட முகத்தை அவசரமாகத் தேடிப் பூசிக்கொள்ளும் இடம் அது. கண்டக்டர் டீ குடித்துவிட்டு ஏறி, என்னைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"இன்னாம்மா, மேலயிருந்தே இப்டியேவா வர?"

"ஆமாங்க" என்றேன். "எங்கக்கா வூட்டுலயே போட்டுக்கினு வந்துட்டேன்."

அவர் விசில் கொடுத்தார்.